தீர்ப்புக்கு முன்பே 41 நாள்

என் தம்பி திருடினான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய் வழக்கில் மாட்டிய ஒருவனின் கதை என்று நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். பாதியில் நின்றுபோன ஒரு கட்டட வேலையிடத்தில், வெட்டவெளியில் கிடந்த பழைய தண்ணீர் மோட்டாரையும் ஒரு சுருள் செம்புக் கம்பியையும் எடுத்துப்போய்க் காயலான் கடையில் போட்டான். 1,800 ரூபாய் கிடைத்தது. பெயிண்ட் வேலை மூன்று வாரமாக இல்லை. குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அது காரணம்தானே தவிர நியாயம் இல்லை என்று இன்றைக்கு அவனே சொல்வான். அப்போது அவனுக்கு வயது 24. அதற்கு முன் அவன் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது.

இது 2024 அக்டோபரில் நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நாடு முழுக்கப் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருந்தன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. ஆறு வகைக் குற்றங்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்வது அதில் ஒன்று, அவதூறு ஒன்று. என் தம்பி செய்தது இன்னொன்று. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியவர், முதல்முறை குற்றவாளி என்று தீர்ப்பாகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குத் தண்டனை சமூக சேவை. 303-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. "கொடுக்கலாம்" என்றுகூட அதில் இல்லை. சமூக சேவைதான் என்று இருக்கிறது.

அப்படியானால் அவன் ஒரு நாள்கூடச் சிறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 41 நாள் இருந்தான். எல்லாம் தீர்ப்புக்கு முன்னால்.

சின்னக் குற்றங்களுக்குச் சிறை வேண்டாம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் தண்டனையைப் பற்றியே பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஏழை வீட்டுப் பையனுக்குச் சிறை தண்டனையாக வருவதில்லை, ரிமாண்டாக, அதாவது தீர்ப்புக்கு முந்தைய காவலாக வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 76 பேர். இந்த எண்கள் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி வீட்டுக்கு வரவில்லை என்பதுதான்.

அந்த 41 நாளும் எங்கிருந்து வந்தன என்று பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். எங்கள் நிலையில் நாளை யாராவது இருந்தால் அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் எஃப்ஐஆரில் இருந்த ஓர் எண். திருடுபோன பொருளின் மதிப்பு 9,000 ரூபாய் என்று அதில் இருந்தது. புகார் கொடுத்த மேற்பார்வையாளர் பொய் சொல்லவில்லை. புது மோட்டார் வாங்கினால் என்ன விலையோ அதைச் சொல்லியிருக்கிறார். மோட்டார் எத்தனை வருஷம் பழசு என்று யாரும் கேட்கவில்லை. 5,000 ரூபாய்க்குக் குறைவு என்று இருந்திருந்தால், கைது, ஜாமீன், விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் புதிய நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாத குற்றம். 5,000-ஐத் தாண்டிவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீன் கொடுப்பதும் மறுப்பதும் கோர்ட்டின் முடிவு. அந்த ஓர் எண்ணில் அவன் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்விட்டான்.

அதனால் முதலில் எஃப்ஐஆர் நகலை வாங்குங்கள். வாங்கியதும் இரண்டே இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: எந்தப் பிரிவு, எவ்வளவு மதிப்பு. மதிப்பு கூடுதலாக இருந்தால், பொருள் பழையது என்று காட்ட எது கிடைத்தாலும் வக்கீலிடம் கொடுங்கள். எங்கள் விஷயத்தில் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பறிமுதல் மகஜரிலேயே "பழைய, பயன்படுத்திய மோட்டார்" என்று போலீஸே எழுதியிருந்தது. அதை முதலில் கவனித்தவர் பின்னால் வந்த இலவச சட்ட உதவி வக்கீல் அம்மாதான். பிரிவைப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அதே மோட்டார் ஒரு வீட்டுக்குள்ளிருந்தோ பொருள் வைக்கும் கட்டடத்துக்குள்ளிருந்தோ போயிருந்தால் அது 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை போகும்.

அடுத்தது கைதான அந்த நாள். நான் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மதியம் போன் வந்தது. ஸ்டேஷனுக்குப் போனபோது, "ஒண்ணும் இல்லம்மா, விசாரிச்சிட்டுக் காலையில விட்டுடுவோம், நீ வீட்டுக்குப் போ" என்றார்கள். நம்பிப் போய்விட்டேன். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது எங்கள் பக்கம் யாருமே இல்லை. மாஜிஸ்திரேட் அவனிடம் இரண்டு கேள்வி கேட்டாராம். அடித்தார்களா, வக்கீல் வேண்டுமா. இரண்டுக்கும் "இல்ல சார்" என்று சொல்லியிருக்கிறான். வக்கீல் என்றால் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

அது தவறு. காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலே வழி சொல்வார்கள். ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. இது எனக்குத் தெரிய இருபத்தெட்டு நாள் ஆனது. அதற்குள் சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு தனி வக்கீலுக்கு 8,000 ரூபாய் கொடுத்திருந்தேன். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவர் வேலையைச் செய்தார்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டிய ஒன்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. நோட்டீஸ் கொடுத்து வரவழைக்கலாம். கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று போலீஸ் எழுத்தில் காரணம் தர வேண்டும். அந்தக் காரணம் சரிதானா என்று பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய வேண்டும். இப்போதைய நடைமுறைச் சட்டத்தில் அந்த நோட்டீஸ் 35-ஆம் பிரிவில் இருக்கிறது. பொருள் கிடைத்துவிட்டது, பையன் உள்ளூர், பழைய வழக்கு இல்லை. இதைச் சொல்ல அன்றைக்குக் கோர்ட்டில் ஒரு வாய் இருந்திருந்தால் எதுவும் மாறியிருக்குமா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அதனால் வீட்டில் யாராவது பிடிபட்டால் அன்று ராத்திரி தூங்கப் போகாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோயாக வேண்டும். எந்தக் கோர்ட், எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள்.

முதல் ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. விசாரணை ஆரம்ப நிலையில் இருக்கிறது என்று காரணம். பதின்மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது. வக்கீல் போனில் சொன்னதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அன்று சாயங்காலம் வந்துவிடுவான் என்று அவனுக்கும் சேர்த்து உலை வைத்தார்.

அவன் வந்தது அதற்கு இருபத்தெட்டு நாள் கழித்து.

ஜாமீன் உத்தரவில் இரண்டு ஜாமீன்தாரர்கள், தலா 10,000 ரூபாய்க்குப் பிணை என்று இருந்தது. அதைக் கேட்டதும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றுதான் புரிந்துகொண்டோம். ஒரு வாரம் பணத்துக்கு அலைந்தோம். அக்கம்பக்கத்தில் பல பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிணை என்பது பணம் கட்டுவது அல்ல. பையன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் இவ்வளவு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி. அவன் ஒழுங்காக வந்தால் ஒரு ரூபாய்கூட யாரும் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் இல்லை, ஆள்தான் வேண்டும் என்று புரிந்ததும் வேறு சிக்கல். ஆள் என்றால் காகிதம் உள்ள ஆள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, அதோடு சொத்து வரி ரசீது அல்லது விஏஓ கொடுத்த சொத்து மதிப்புச் சான்று கேட்டார்கள். நாங்கள் வாடகை வீட்டில் இருப்பவர்கள். எங்களுக்குத் தெரிந்தவர்களும் வாடகை வீட்டுக்காரர்கள். சொந்த வீடு உள்ள சித்தப்பா முறை ஒருவர், "கோர்ட்டு வாசப்படி மிதிச்சதே இல்லம்மா, பசங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, போகும்போது கையில் 500 ரூபாய் திணித்தார். அவர் நல்ல மனுஷர்தான். அவருக்கும் பயம்.

கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, ஆளுக்கு 3,000 கொடுத்தால் இரண்டு பேரை நிறுத்துகிறேன் என்றார். கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜாமீன்தாரராக வருகிறவர் இதுவரை எத்தனை பேருக்கு நின்றிருக்கிறார் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். காகிதம் போலி என்று பின்னால் தெரிந்தால் ஜாமீனே போய்விடும், உங்கள் மேலும் வழக்கு வரும். என்னைத் தடுத்தது கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவர். "பின்னாடி சட்ட உதவி ஆபீஸ் இருக்கு, அங்க போங்கம்மா" என்று கையைக் காட்டினார். அப்படித்தான் அந்த வக்கீல் அம்மாவைப் பார்த்தேன்.

அவர் என்னை உட்கார வைத்து ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 1978. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனார். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கூடப் பிறந்த சகோதரர் நிற்க வந்தால், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஏழைக்கு அவன் நிலைக்குத் தகுந்த பிணைதான் கேட்க வேண்டும் என்று எழுதினார். தொகையைப் பாருங்கள். 46 வருஷம் கழித்து எங்களிடம் கேட்டதும் அதே 10,000.

அவர் சொன்ன இன்னொன்றை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகள் கொடுத்திருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஒரு கைதி வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் ஏழாம் நாள் யாரும் யாருக்கும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. வக்கீல் அம்மா மாதம் முடியக் காத்திருக்காமல் மனு போட்டார். அவனே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையிலும் ஒரே ஒரு ஜாமீன்தாரரின் பேரிலும் விடலாம் என்று உத்தரவு வந்தது. அந்த ஒருவராக நின்றவர் எங்கள் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா. அவருக்குக் கிராமத்தில் அரை ஏக்கர் இருந்தது, எங்களுக்கே தெரியாது. கேட்கவே தயங்கிய இடத்தில்தான் உதவி கிடைத்தது. யாரிடமும் கேட்காமல் விடாதீர்கள்.

சிறைக்குள் நடந்ததைப் பற்றி அவன் அதிகம் பேச மாட்டான். வாரம் ஒருமுறை மனு போட்டுப் பார்க்கப் போவேன். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நான் கேட்டதற்கு அவன் என்ன சொன்னான் என்று வாய் அசைவை வைத்துத்தான் புரிந்துகொள்வேன். ஒருமுறை, "அக்கா, இங்க எல்லாரும் எங்கிட்ட ஒரே கேள்வி கேக்கிறாங்க, வண்டி எடுக்கத் தெரியுமான்னு" என்றான். வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறார்கள் என நினைத்தேன். பைக் திருடத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

வெளியே வந்து பத்து நாளில் அவன் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. உள்ளே பழக்கமான ஒருவர். ஒரு வண்டிக்கு 4,000 தருவதாகச் சொன்னாராம். தம்பி போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தான். நான் எதுவும் பேசாமல் வைத்துவிட்டு மறுநாள் அவன் நம்பரை மாற்றினேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். 1,800 ரூபாய்க்குப் பழைய மோட்டாரைத் தூக்கியவனுக்கு அடுத்த வேலையை ஏற்பாடு செய்து கொடுத்த இடம் சிறைதான். அவன் அந்த அழைப்பை என்னிடம் காட்டினான். காட்டாத தம்பிகள் எத்தனை பேரோ.

ஜாமீனோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. பெயிண்ட் வேலைக்கு எட்டு மணிக்குப் போக வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவனை எந்த மேஸ்திரியும் சேர்த்துக்கொள்ள மாட்டார். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம். நாங்கள் அது தெரியாமல் ஐந்து வாரம் விட்டுவிட்டோம்.

குற்றப்பத்திரிகை வந்தபோது மதிப்பு 4,500 என்று மாறியிருந்தது. மகஜரில் "பழைய" என்று இருந்ததால் வக்கீல் அம்மா எழுதிக் கேட்டதன் பலன். 9,000 ரூபாய் மோட்டாருக்காக உள்ளே போனவன், 4,500 ரூபாய் மோட்டாருக்காக விசாரிக்கப்பட்டான்.

அப்போது எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. இதை வக்கீலிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள்.

ஒன்று சமரசம். இந்தத் திருட்டுக் குற்றத்தைப் பொருளின் உரிமையாளர் நினைத்தால் சமரசம் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம், குற்றவாளி என்ற பேரே வராது. இருப்பதிலேயே நல்ல வழி அதுதான். எங்களுக்கு அது அமையவில்லை. கட்டட உரிமையாளருக்கும் கான்ட்ராக்டருக்கும் சண்டை வந்துதான் அந்த வேலையே நின்றிருந்தது. மோட்டார் யாருடையது என்பதிலேயே தகராறு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வரவில்லை.

இன்னொன்று 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். குற்றவாளி என்று முடிவானாலும் தண்டனை கொடுக்காமல் எச்சரித்து விடலாம், அல்லது நன்னடத்தைப் பிணையில் விடலாம். 21 வயதுக்குக் கீழே இருந்தால் சிறைக்கு அனுப்புவதற்கே கோர்ட் தனியாகக் காரணம் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், இப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று இருக்கிறது. ஆனால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வர இரண்டு வாய்தா ஆகலாம் என்றார்கள்.

மூன்றாவது, குற்றத்தை ஒப்புக்கொண்டு சமூக சேவை. தம்பி, "இன்னிக்கே முடிச்சிடுங்க மேடம், இனிமே என்னால இங்க வர முடியாது" என்றான். நானும் சரி என்றேன். அந்தச் சரியை இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் சமூக சேவையும் தண்டனைதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் நான்காம் பிரிவில் தூக்கு, ஆயுள், சிறை, அபராதம் என்று போகிற அதே பட்டியலில் அதுவும் இருக்கிறது. நன்னடத்தைச் சட்டத்தில் கிடைத்திருக்கக்கூடிய அந்தப் பாதுகாப்பு இதில் தானாக வருவதில்லை.

எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று சட்டத்தில் எழுதவில்லை. அது மாஜிஸ்திரேட்டின் முடிவு. எங்களுக்குப் பதினைந்து நாள், காலையில் மூன்று மணி நேரம், அரசு நூலகத்தில் என்று வந்தது. உள்ளே இருந்த 41 நாளை இதில் கழிக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்று வக்கீல் அம்மா தலையை ஆட்டினார். சிறைத் தண்டனை கிடைத்திருந்தால் அந்த 41 நாளைக் கழித்திருப்பார்கள், நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. சமூக சேவையில் கழிக்க அதில் ஒரு வரியும் இல்லை. சிறையே வேண்டாம் என்று சட்டம் சொல்லும் குற்றத்துக்குச் சிறையில் இருந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இதை யாராவது திருத்த வேண்டும். திருட்டு வழக்கில் ரிமாண்ட் கேட்கும்போதே பொருள் எவ்வளவு பெறும், முதல் குற்றமா என்ற இரண்டையும் கோர்ட் கேட்டுப் பதிவு செய்தால் போதும், பாதிப் பேர் அன்றே சொந்தப் பிணையில் வீட்டுக்குப் போவார்கள் என்று நம்புகிறேன். புதுச் சட்டம்கூட வேண்டாம், இருக்கிற சட்டம் அந்த ஒரு நாளில் வேலை செய்தால் போதும்.

நூலகத்தில் முதல் நாள் அவன் தலை குனிந்தே இருந்தான். அலமாரி துடைப்பது, கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுவது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்திருப்பதைப் பார்த்து, "சார், பெயிண்ட் வாங்கிக் குடுத்தா நானே அடிச்சித் தரேன்" என்று நூலகரிடம் கேட்டிருக்கிறான். அவர் வாங்கிக் கொடுத்தார். கடைசி மூன்று நாளும் பட்டைச் சீலை வைத்துத் துருவைத் தேய்த்து, இரண்டு கோட் அடித்தான். முடிகிற அன்று நான் போய்ப் பார்த்தேன். பச்சை நிறம். நூலகர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, இனிமே படிக்க வா" என்றார்.

போன மாதம் ஒரு தனியார் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் பெயிண்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நிரந்தர வேலை, பிஎஃப் உண்டு. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி: குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா? பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். "என்னக்கா எழுதறது?" என்றான். ஆமாம் என்றே எழுதச் சொன்னேன். கீழே இருந்த சின்ன இடத்தில், பதினைந்து நாள் சமூக சேவை, அரசு நூலகம், முடித்தாயிற்று என்று இரண்டு வரியில் எழுதினான். 41 நாளை எழுத அதில் இடம் இல்லை. இன்னும் பதில் வரவில்லை.